மூளை ரத்தக் குழாய்: உள்வழிப் படமா, சுவர்ப் படமா?

கோவைக்குப் போய்த் திரும்பும் நோயாளிகள் என் மேசையில் வைக்கும் சீட்டுகளில் இப்போது ஒரு வரி அடிக்கடி தென்படுகிறது: ‘எம்.ஆர்.ஐ. வெசல் வால் இமேஜிங்’. அதற்குக் கீழே ‘அல்லது டி.எஸ்.ஏ.’ என்றும் இருக்கும். முதலாவது மூளை ரத்தக் குழாயின் சுவரைக் காட்டும் படம்; இங்கே அதைச் சுவர்ப் படம் என்கிறேன். இரண்டாவது தமனிக்குள் குழாய் செலுத்தி, ரத்தம் ஓடும் உள்வழியைக் காட்டும் படம். எழுதிக் கொடுத்த நரம்பியல் மருத்துவர் நிச்சயம் விளக்கியிருப்பார். மேட்டுப்பாளையம் தாண்டி, கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி, கோத்தகிரி வந்து சேர்வதற்குள் பாதி மறந்துபோகும். “டாக்டர், இதில் எதை எடுப்பது? இரண்டுக்கும் கீழே இறங்கத்தான் வேண்டுமா?” என்று குடும்பத்தோடு வந்து கேட்பார்கள்.

கேட்பவர்கள் பலவகை. நாற்பது வயதுக்குள் பக்கவாதம் வந்து, சர்க்கரையோ ரத்தக் கொதிப்போ இல்லாத நிலையில் ‘மூளைக் குழாய் சுருங்கியிருக்கிறது’ என்று மட்டும் சொல்லப்பட்டவர்கள். ஒரே வாரத்தில் பலமுறை, இடி விழுந்தாற்போல் தலைவலி வந்த பெண்கள். வேறு எதற்கோ எடுத்த ஸ்கேனில் குழாயில் ஒரு புடைப்பு இருப்பதாகத் தெரிந்து தூக்கம் தொலைத்தவர்கள். கூடலூர்ப் பக்கத்திலிருந்து, அரிவாள் செல் நோய் (ரத்தச் சிவப்பணுக்கள் அரிவாள்போல் வளையும் பரம்பரை நோய்) உள்ள குழந்தையோடு வரும் தாய். இவர்கள் எல்லோருக்கும் ஒரே பதில் கிடையாது. என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: சுவர்ப் படம் அருமையான கருவிதான், ஆனால் அது தேவைப்படுபவர்கள் கொஞ்சம் பேர், எடுத்துக்கொள்பவர்கள் அதைவிட அதிகம்.

## எதை வைத்து எடைபோடுவது

முதல் அளவுகோல், படம் எதைக் காட்டுகிறது என்பது. காரட் தோட்டத்துக்கு ஓடையிலிருந்து கருப்புக் குழாய் இழுத்திருப்பவர்களுக்கு இது எளிதில் புரியும். கடைசி முனையில் தண்ணீர் குறைந்தால், குழாய்க்குள் எவ்வளவு ஓடுகிறது என்று பார்ப்பது ஒரு வேலை. குழாயே வெந்துவிட்டதா, உள்ளே சேறு படிந்திருக்கிறதா, யாராவது மிதித்து நசுக்கியிருக்கிறார்களா என்று பார்ப்பது வேறு வேலை. ஆஞ்சியோ என்று பெயர் வைத்த எல்லாப் பரிசோதனைகளும் முதல் வேலையைத்தான் செய்கின்றன. ரத்தம் ஓடும் வழி எங்கே எவ்வளவு குறுகியிருக்கிறது என்று காட்டும். ஏன் குறுகியது என்பதை நிழலைப் பார்த்து ஊகிக்கத்தான் வேண்டும்.

அந்த ‘ஏன்’ முக்கியம், ஏனென்றால் ஒரே மாதிரிச் சுருக்கத்துக்கு மூன்று எதிரெதிர் வைத்தியங்கள் இருக்கின்றன. சுவரில் அழற்சி என்றால் ஸ்டீராய்டு, பெரும்பாலும் கூடவே சைக்ளோபாஸ்பமைடு போன்ற நோய் எதிர்ப்பை அடக்கும் மருந்து. கொழுப்புப் படிவு என்றால் ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், ஸ்டாட்டின், கொதிப்பையும் சர்க்கரையையும் கட்டுக்குள் வைத்தல். குழாய் தற்காலிகமாக இறுகியிருக்கிறது என்றால் பொறுமை; தூண்டிவிட்ட மருந்தை நிறுத்தினால் சுமார் மூன்று மாதத்துக்குள் தானே சரியாகும். இந்த மூன்றாவது வகைக்கு ஸ்டீராய்டு கொடுத்தால் நிலைமை மோசமாகக்கூடும்.

இரண்டாவது அளவுகோலை நோயாளிகள் கேட்பதே இல்லை: பதில் எப்படி வந்தாலும் மருந்து மாறுமா? மாறாது என்றால் அந்தப் படம் ஆல்பத்துக்குத்தான். மூன்றாவது, உடம்பு கொடுக்கும் விலை: கான்ட்ராஸ்ட் மருந்து (படம் தெளிவாகத் தெரியச் செலுத்துவது), கதிர்வீச்சு, குழாய் செருகுதல். நான்காவது, படத்தைப் படிக்கத் தெரிந்தவர் இருக்கிறாரா என்பது. ஐந்தாவது, எத்தனை முறை கீழே இறங்க வேண்டும். சமவெளியில் இருப்பவர்கள் இதைக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. நம் ஊரில் ஒருநாள் கூலி, துணைக்கு வருபவரின் கூலி, வடகிழக்குப் பருவமழையில் மண் சரிந்து சாலை அடைபட்டால் கீழேயே தங்கும் செலவு எல்லாம் சேர்ந்து ஸ்கேன் கட்டணத்தைத் தாண்டிவிடும்.

## சி.டி. ஆஞ்சியோ, எம்.ஆர். ஆஞ்சியோ

எந்த வரிசையிலும் முதலில் நிற்க வேண்டியவை இவைதான். சி.டி. ஆஞ்சியோவில் கையிலுள்ள நரம்பு வழியே அயோடின் கலந்த மருந்தைச் செலுத்தி, இதயத்தின் மேலிருந்து உச்சந்தலைவரை சில விநாடிகளில் படம் எடுத்துவிடுகிறார்கள். பக்கவாதம் வந்த அன்றைக்கு, அடைபட்ட குழாயைக் கண்டுபிடித்து ரத்தக்கட்டியை எடுக்கலாமா என்று முடிவு செய்ய இதைவிட வேகமான வழி இல்லை. கழுத்துக் குழாயும் சேர்ந்து வரும், சுண்ணாம்புப் படிவு பளிச்சென்று தெரியும். விலையாகக் கொஞ்சம் கதிர்வீச்சு, சிறுநீரகத்துக்குக் கொஞ்சம் சுமை. சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் சாப்பிடுபவர்கள் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

எம்.ஆர். ஆஞ்சியோவின் வழக்கமான வகைக்குக் கான்ட்ராஸ்ட் மருந்தே வேண்டாம். ஓடும் ரத்தத்தையே அது வெளிச்சமாக்குகிறது. சிறுநீரகம் கெட்டவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் இது பெரிய வசதி. ஆனால் ரத்தம் மெதுவாகவோ சுழன்றோ ஓடும் இடத்தில் வெளிச்சம் மங்கிவிடும்; ஐம்பது சதவீதச் சுருக்கம் எழுபது போலத் தெரியும். ‘கடுமையான அடைப்பு’ என்று ரிப்போர்ட்டில் படித்துப் பதறி வருபவர்களில் சிலருக்கு, சி.டி.யில் பார்த்தால் பாதிதான் இருக்கும்.

அறுபது வயது, இருபது வருடச் சர்க்கரை, புகைப்பழக்கம், சி.டி. ஆஞ்சியோவில் ஓரிடத்தில் சுருக்கம். இப்படிப்பட்டவர் இங்கேயே நின்றுவிடலாம். என்ன நோய் என்பதில் சந்தேகம் பெரிதாக இல்லை, வைத்தியமும் தெரிந்ததுதான். ‘ஸ்டென்ட் (குழாயை விரித்துப் பிடிக்கும் வலைக் கம்பி) வைத்தால் என்ன?’ என்று கேட்பவர்களுக்கு: 2011-ல் வெளிவந்த சாம்ப்ரிஸ் ஆய்வு, மூளைக்குள் கடுமையாகச் சுருங்கிய குழாய்க்கு ஸ்டென்ட் வைத்தவர்களையும் மருந்து மட்டும் எடுத்தவர்களையும் ஒப்பிட்டது. முதல் முப்பது நாளில் பக்கவாதமோ மரணமோ ஏற்பட்டது ஸ்டென்ட் பக்கம் 14.7 சதவீதம், மருந்துப் பக்கம் 5.8 சதவீதம்.

## டி.எஸ்.ஏ.

தொடையிலோ மணிக்கட்டிலோ தமனிக்குள் மெல்லிய குழாயைச் செலுத்தி, கழுத்துவரை கொண்டுபோய், அங்கிருந்து நேராக மருந்தைப் பாய்ச்சிப் படமெடுப்பது. உள்வழியை இதைவிடத் துல்லியமாகக் காட்டும் கருவி இன்றுவரை இல்லை. ரத்தம் எந்தக் கணத்தில் எங்கே போகிறது, அடைபட்ட இடத்துக்குப் பக்கவாட்டில் எந்தக் குழாய் உதவிக்கு வருகிறது என்பதெல்லாம் ஓடும் படமாகத் தெரியும். புடைப்பு வெடித்து ரத்தம் கசிந்திருந்தால், பார்த்த கையோடு சுருள் கம்பி வைத்து அடைக்கவும் முடியும். மூளையின் அடிப்பகுதிக் குழாய்கள் மெல்ல அடைபடும் மோயாமோயா நோய்க்கு அறுவை சிகிச்சை திட்டமிடுபவர்கள் இது இல்லாமல் கத்தியைத் தொடமாட்டார்கள்.

ஆனால் அழற்சிதானா என்ற கேள்விக்கு டி.எஸ்.ஏ. தரும் பதில் பலரும் நினைப்பதைவிடப் பலவீனமானது. குழாய் மாறிமாறிச் சுருங்கியும் விரிந்தும் மணிமாலை மாதிரி தெரிந்தால் ‘வாஸ்குலைட்டிஸ்’, அதாவது குழாய் அழற்சி, என்று எழுதும் பழக்கம் உண்டு. அதே மணிமாலையைத் தற்காலிக இறுக்கமும் காட்டும், கொழுப்புப் படிவும் சில சமயம் காட்டும். அழற்சி மிகச் சிறிய குழாய்களில் மட்டும் இருந்தால் டி.எஸ்.ஏ. முழுக்கச் சரியாக இருப்பதாகவே வரும். நிரந்தர நரம்புப் பாதிப்பு ஏற்படும் அபாயம், அனுபவமுள்ள கைகளில், ஒரு சதவீதத்துக்கும் கீழே. சிறிய எண்தான், ஆனாலும் முன்னால் உட்கார்ந்து கையெழுத்துப் போடுபவருக்கு அது சிறியதாகத் தெரியாது. மருத்துவமனையில் தங்க வேண்டும், பல மணி நேரம் காலை மடக்காமல் படுத்திருக்க வேண்டும், மறுநாளே மலை ஏறுவதும் கஷ்டம்.

## சுவர்ப் படம்

இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம். ஓடும் ரத்தத்தையும், குழாயைச் சுற்றியுள்ள மூளை நீரையும் இந்தப் பரிசோதனை கறுப்பாக்கிவிடுகிறது. இரண்டு கறுப்புக்கும் நடுவே சுவர் சாம்பல் நிறத்தில் நிற்கும். மூளையின் நடுத் தமனியின் ஆரோக்கியமான சுவர் அரை மில்லிமீட்டர்கூடத் தடிப்பு இல்லை. படத்தின் ஒவ்வொரு புள்ளியும் சுமார் அரை மில்லிமீட்டர். அதனால் நல்ல சுவர் கண்ணுக்கே தட்டாது, தடித்த சுவர்தான் தெரியும். முதலில் மருந்து இல்லாமல் ஒருமுறை, எம்.ஆர்.ஐ.க்கான கான்ட்ராஸ்ட் மருந்தான கடோலினியம் செலுத்தியபின் அதே இடத்தை மறுமுறை எடுப்பார்கள். சுவரில் அழற்சி இருந்தால் மருந்து அங்கே கசிந்து தங்கும். முன்பு சாம்பலாக இருந்த கோடு வெளுத்து எரியும்.

அந்த வெளுப்பின் வடிவத்தில்தான் விஷயம். குழாயைக் குறுக்கே வெட்டிப் பார்க்கும் படத்தில், சுற்றிலும் சீராக, முழு வளையமாக வெளுத்தால் அழற்சியின் பக்கம் சாய்கிறோம். ஒரு பக்கம் மட்டும் பிறையாகத் தடித்து, திட்டுத்திட்டாக வெளுத்தால் கொழுப்புப் படிவு. உள்வழி நன்றாகச் சுருங்கியிருந்தும் சுவர் வெளுக்கவில்லை, அல்லது மிக லேசாக மட்டும் வெளுக்கிறது என்றால் தற்காலிக இறுக்கம். ஆஞ்சியோவில் ஒரே நிழலாகத் தெரிந்த மூன்றும் இங்கே பிரிகின்றன. கோவை மருத்துவர் அந்தச் சீட்டை எழுதியதன் காரணம் இதுதான்.

இனி அதன் மறைமுகச் செலவுகள்.

இயந்திரம் 3 டெஸ்லாவாக (டெஸ்லா என்பது காந்தத்தின் வலிமை) இருப்பது நல்லது. 1.5 டெஸ்லாவில் முயலலாம், ஆனால் இவ்வளவு மெல்லிய சுவருக்கு அது திணறும். கோவையில் 3 டெஸ்லா உண்டு. ஆனால் இயந்திரம் இருப்பதும் இந்தப் படத்துக்கான நிரல் அதில் இருப்பதும் வெவ்வேறு. ஒரு ஸ்கேன் மையத்தில் சீட்டைக் காட்டியதும் ‘செய்கிறோம்’ என்று சொல்லி, சாதாரண கான்ட்ராஸ்ட் எம்.ஆர்.ஐ. எடுத்து அனுப்பிவிட்டார்கள், பணமும் போய், பயணமும் போய், அந்த அம்மாள் மீண்டும் இறங்க வேண்டியதாயிற்று. போனிலேயே ‘ரத்தத்தைக் கறுப்பாக்கும் முப்பரிமாணப் படம், மருந்துக்கு முன்னும் பின்னும் எடுப்பீர்களா?’ என்று கேளுங்கள். பதில் தயங்கினால் வேறு இடம் பாருங்கள்.

வழக்கமான மூளைப் படங்களோடு சேர்த்து முக்கால் மணி நேரம் ஆகலாம். ஒவ்வொரு தொடரும் பல நிமிடங்கள் ஓடும். நடுவே ஒருமுறை இருமினாலும், எச்சில் விழுங்கத் தலையை அசைத்தாலும் அந்தத் தொடர் முழுக்க மங்கிவிடும். பனிக்கால இருமலோடு இங்கிருந்து போகாதீர்கள். அவசரம் இல்லை என்றால் இருமல் தணிந்தபின் தேதி வாங்குங்கள். சிறுநீரகம் மிக மோசமாக இருந்தால் கடோலினியம் யோசித்துத்தான். அதற்கான கிரியாட்டினின் பரிசோதனையை இங்கேயே செய்து, முடிவைக் கையில் கொண்டுபோகலாம்.

இதைவிடப் பெரிய செலவு, படத்தைத் தவறாகப் படிப்பது. வெளுத்ததெல்லாம் அழற்சி ஆகாது. தமனியை ஒட்டி ஓடும் சிரை வெளுக்கும். ரத்தம் தேங்கும் மூலையில் சுவர் வெளுத்தது போலத் தெரியும். சமீபத்தில் உள்ளே கம்பி செலுத்தி ரத்தக்கட்டியை எடுத்திருந்தால் அந்த உரசலுக்கே சுவர் வெளுக்கும். வயதானவர்களுக்கு முதுகெலும்புத் தமனி மண்டைக்குள் நுழையும் இடத்தில் இயல்பாகவே வெளுப்பு இருக்கும். கொழுப்புப் படிவும் சில சமயம் வளையமாக வந்து ஏமாற்றும். 2017-ல் அமெரிக்க நரம்புக் கதிரியக்கச் சங்கத்தின் குழு இதற்கான வழிகாட்டுதல்களை வெளியிட்டபோது, மற்ற படங்களோடும் நோயாளியின் வரலாற்றோடும் சேர்த்தே இதைப் படிக்க வேண்டும் என்ற தொனியில்தான் எழுதியது. இந்தப் படங்களை வாராவாரம் பார்க்கும் ரேடியாலஜிஸ்ட் ஒருவரும், ஆண்டுக்கு ஒருமுறை பார்ப்பவரும் ஒன்றல்ல.

நம் நாட்டில் இன்னொரு சிக்கல் உண்டு. காசநோய் மூளைக்காய்ச்சல் மூளையின் அடிப்பகுதிக் குழாய்களில் அழற்சியை உண்டாக்கிப் பக்கவாதம் தரும். சிபிலிஸ், அக்கி வைரஸ் ஆகியவையும் அப்படியே. சுவர்ப் படத்தில் எல்லாம் வளையம்தான். எந்தக் கிருமி என்று படம் சொல்லாது. காசநோயைக் கண்டுகொள்ளாமல் நோய் எதிர்ப்பை அடக்கும் மருந்தை மட்டும் தொடங்கினால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. அதனால் முதுகில் நீர் எடுத்துப் பரிசோதிக்காமல் சுவர்ப் படத்தை மட்டும் வைத்து அழற்சிக்கு வைத்தியம் தொடங்குவதை நான் ஏற்பதில்லை. முதுகு ஊசிக்குப் பயந்து, அதற்குப் பதிலாக ஒன்றன்மேல் ஒன்றாக ஸ்கேன் எடுத்துக்கொள்பவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபமே வருகிறது. அந்த ஊசி தரும் தகவலை எந்த இயந்திரமும் தருவதில்லை, விலையும் மிகக் குறைவு.

நேரமும் முக்கியம். ஸ்டீராய்டு தொடங்கிச் சில வாரங்கள் ஆன பிறகு எடுத்தால் வெளுப்பு குறைந்திருக்கலாம். ‘அழற்சி இல்லை’ என்று ரிப்போர்ட் வந்து குழப்பும். முடிந்தால் மருந்துக்கு முன் எடுப்பது நல்லது. ஆனால் நினைவு மங்குகிறது, புதிதாகக் கை கால் விழுகிறது என்றால் படத்துக்காக மருந்தைத் தள்ளிப்போடக் கூடாது. மறுபக்கம், வைத்தியம் நன்றாக நடந்தாலும் சிலருக்கு வெளுப்பு பல மாதங்கள் நீடிக்கும். ஆறாம் மாதப் படத்தில் இன்னும் வெளுப்பு இருக்கிறது என்பதற்காக மட்டும் மருந்தைக் கூட்டச் சொல்லி மருத்துவரை நெருக்காதீர்கள்.

புடைப்பு உள்ளவர்களுக்கு ஒரு வார்த்தை. பெரியவர்களில் நூற்றுக்கு மூன்று பேருக்கு மூளைக் குழாயில் வெடிக்காத புடைப்பு இருக்கும்; பெரும்பாலானவை வாழ்நாள் முழுக்கச் சும்மா கிடக்கும். புடைப்பின் சுவர் வெளுக்கவில்லை என்றால் அது நிலையாக இருப்பதற்கான நல்ல அறிகுறி. வெளுத்தால் உடனே ஆபரேஷன் என்று பொருள் இல்லை. பெரிய புடைப்புக்குள் ரத்தம் மெதுவாகச் சுழல்வதாலேயே ஓரம் வெளுத்துத் தெரியலாம். அளவு, இடம், வயது, கொதிப்பு, முன்பு கசிந்ததா என்பவைதான் இன்னும் முன்வரிசையில் இருக்கின்றன. பல புடைப்புகள் இருந்து அதில் ஏதோ ஒன்று கசிந்துவிட்டது, எது என்று தெரியவில்லை என்ற நிலையில் சுவர்ப் படம் உண்மையாகவே கை கொடுக்கும்.

இணையத்தில் படித்துவிட்டு, ‘இரும்புத் துகள் ஊசி போட்டு அழற்சியைப் பார்க்கலாமாமே’ என்று கேட்டவர்களும் உண்டு. ஃபெருமோக்சிட்டால் என்ற அந்த மருந்து சிறுநீரக நோயாளிகளின் இரும்புச்சத்துக் குறைவுக்காக 2009-ல் அமெரிக்காவில் அனுமதிக்கப்பட்டது. அழற்சி உள்ள சுவரில் குவியும் மேக்ரோபேஜ் செல்கள் அதை விழுங்கிக்கொள்ளும். ஒரு நாள் கழித்து எடுக்கும் எம்.ஆர்.ஐ.யில் அந்த இடம் கறுத்துத் தெரியும். அழற்சி செல்லையே நேரில் காட்டுவதால் யோசனை அழகானது. ஆனால் அதை வைத்து நடந்த ஆய்வுகள் சிறியவை, கடுமையான ஒவ்வாமை குறித்து 2015-ல் உச்ச எச்சரிக்கையும் சேர்க்கப்பட்டது. இன்று உங்கள் முடிவில் அதற்கு இடமில்லை.

## பெட் சி.டி.

பெயர் பெரிது, கட்டணமும் பெரிது. கதிரியக்கச் சர்க்கரையைச் செலுத்தி, அதிகம் தின்னும் செல்கள் எங்கே என்று பார்ப்பது. அழற்சிச் செல்கள் சர்க்கரையை நன்றாகத் தின்னும். ஆனால் மூளை அவற்றைவிட அதிகம் தின்னும். மூளை முழுவதும் எரிந்துகொண்டிருக்கும்போது அதற்குள் ஓடும் இரண்டு மூன்று மில்லிமீட்டர்க் குழாயின் சுவர் எரிகிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? கருவியின் துல்லியமும் நான்கைந்து மில்லிமீட்டர்தான். ஆகவே மண்டைக்குள் இருக்கும் குழாய்க்காக மட்டும் பெட் எடுக்கச் சொன்னால், ஏன் என்று தயங்காமல் கேளுங்கள்.

மண்டைக்கு வெளியே கதை வேறு. இளம்பெண், ஒரு கையில் நாடி கிடைக்கவில்லை, இரண்டு கைகளிலும் கொதிப்பு அளவு வெவ்வேறு, தலைசுற்றல், பக்கவாதம். டக்கயாசு நோய் (பெரிய தமனிகளில் வரும் அழற்சி) என்று சந்தேகம் வந்தால் மகாதமனியிலிருந்து கழுத்துவரை எங்கெங்கே அழற்சி இருக்கிறது என்று பெட் ஒரே படத்தில் காட்டும். முதியவர்களின் ராட்சதச் செல் தமனி அழற்சியிலும் அப்படியே. நம் ஊரில் அது அரிது. ஸ்டீராய்டு தொடங்கிச் சில நாட்களிலேயே இந்தப் படம் மங்கத் தொடங்கும் என்பதால், எடுப்பதானால் சீக்கிரம்.

மலைவாசிகளுக்கு இதில் இரண்டு தொல்லைகள். ஆறு மணி நேரமாவது வெறும் வயிறு வேண்டும். அதிகாலை பஸ்ஸில் வெறும் வயிற்றோடு வளைவுகளில் இறங்குவது ஒருபுறம், இன்சுலின் போடுபவர் வழக்கம்போல் போட்டுக்கொண்டு சாப்பிடாமல் கிளம்புவது அதைவிட ஆபத்து. முந்தைய இரவே கீழே தங்குவது நல்லது. இரண்டாவது, குளிர். உடம்பு குளிர்ந்தால் கழுத்திலும் தோள்பட்டை மேலேயும் இருக்கும் பழுப்புக் கொழுப்பு சர்க்கரையை இழுத்து எரியத் தொடங்கும். நாம் பார்க்க விரும்பும் கழுத்துக் குழாய்களும் அங்கேதான் இருக்கின்றன. டிசம்பரில் போகிறவர்கள் ஸ்கேன் அறைக்குள் போகும்வரை ஸ்வெட்டரைக் கழற்றாதீர்கள்.

## டாப்ளர், அல்ட்ராசவுண்ட்

விலை குறைவு, ஊசி இல்லை, கதிர்வீச்சு இல்லை. இயந்திரத்தையே கட்டிலருகே கொண்டுவரலாம். மண்டை எலும்பு மெலிந்திருக்கும் பொட்டுப் பகுதி வழியே ஒலியை அனுப்பி, உள்ளே ரத்தம் என்ன வேகத்தில் ஓடுகிறது என்று அளப்பதுதான் தலை டாப்ளர். வழி குறுகினால் வேகம் கூடும். சுவரைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது.

ஆனாலும் நீலகிரியில் ஒரு கூட்டத்துக்கு மற்ற எல்லாவற்றையும்விட இதுதான் முதன்மை. இந்தியாவில் அரிவாள் செல் மரபணு இருப்பதை லேமன், கட்புஷ் என்ற ஆய்வாளர்கள் முதலில் பதிவு செய்தது 1952-ல், இந்த மலையின் பழங்குடி மக்களிடம்தான். இந்த நோய் முழுமையாக உள்ள குழந்தைகளுக்கு மூளையின் பெரிய குழாய்களின் உட்சுவர் மெல்ல மெல்லத் தடித்துச் சுருங்கும். பள்ளி வயதிலேயே பக்கவாதம் வரும். டாப்ளரில் சராசரி வேகம் விநாடிக்கு 200 சென்டிமீட்டரைத் தொட்டால் ஆபத்து அதிகம். அப்படிப்பட்ட குழந்தைகளுக்கு ஒழுங்காக ரத்தம் ஏற்றினால் முதல் பக்கவாதம் சுமார் 90 சதவீதம் குறைகிறது என்று 1998-ல் வெளிவந்த ஸ்டாப் ஆய்வு காட்டியது. குறைந்தது ஓராண்டு ரத்தம் ஏற்றியபின், குழாய்கள் மிக மோசமாகக் கெடாதவர்களுக்கு ஹைட்ராக்சியூரியா மாத்திரைக்கு மாறலாம் என்று 2016-ல் இன்னொரு ஆய்வு வந்தது. இரண்டு வயதிலிருந்து பதினாறு வயதுவரை ஆண்டுக்கொருமுறை இந்தப் பரிசோதனை போதும். அந்தக் குழந்தைக்குச் சுவர்ப் படம் எடுத்து வளையம் தெரிந்தாலும் தெரியாவிட்டாலும் வைத்தியம் மாறப்போவதில்லை. மயக்க மருந்து கொடுத்து, கடோலினியம் செலுத்தி, ஒரு நாளைக் கெடுப்பதற்கு நியாயம் இல்லை.

பொட்டுத் தமனியை அல்ட்ராசவுண்டில் பார்ப்பது தனி. 1997-ல் ஜெர்மனியில் ஷ்மிட் குழுவினர், அழற்சியுற்ற பொட்டுத் தமனியைச் சுற்றி ஒரு கரு வளையம் தெரிவதைப் பதிவு செய்தார்கள். ஐம்பது வயதைத் தாண்டியவருக்குப் புதிதாகப் பொட்டு வலி, மெல்லும்போது தாடை வலி, பார்வை மங்கல் என்றால் இதை முதலில் கேளுங்கள். பார்வை போகும் நோய் என்பதால் எந்தப் படத்துக்காகவும் ஸ்டீராய்டு காத்திருக்காது.

## ஒரே பார்வையில்

| | சி.டி. / எம்.ஆர். ஆஞ்சியோ | டி.எஸ்.ஏ. | சுவர்ப் படம் | பெட் சி.டி. | டாப்ளர் |
|---|---|---|---|---|---|
| காட்டுவது | உள்வழி | உள்வழி, மிகத் துல்லியமாக | சுவர் | கழுத்து, மார்புக் குழாய்களின் அழற்சி | ரத்தத்தின் வேகம் |
| அழற்சியைப் பிரித்துக் காட்டுமா | இல்லை | ஊகம்தான் | பெரும்பாலும், நன்கு படித்தால் | மண்டைக்குள் இல்லை | இல்லை |
| உடம்புக்கு விலை | சி.டி.யில் அயோடின், கதிர்வீச்சு | தமனிக்குள் குழாய், சிறு பக்கவாத அபாயம் | கடோலினியம், நீண்ட நேரம் அசையாமை | கதிர்வீச்சு, பட்டினி | ஒன்றுமில்லை |
| தவறாகப் படிக்கும் வாய்ப்பு | எம்.ஆரில் சுருக்கம் கூடித் தெரியும் | மணிமாலைத் தோற்றம் | அதிகம் | குளிரில் பழுப்புக் கொழுப்பு | செய்பவர் கையைப் பொறுத்தது |
| மலையிலிருந்து | ஒரே நாள் | தங்க வேண்டும் | ஒரே நாள், இடத்தைத் தேர்ந்தால் | முந்தைய இரவே இறங்குவது நல்லது | மிக எளிது |

## யாருக்கு எது

இளவயதுப் பக்கவாதம், சி.டி. ஆஞ்சியோவில் பல இடங்களில் சுருக்கம், ரத்தத்தில் வேறு காரணம் தெரியவில்லை: முதுகு நீர்ப் பரிசோதனையும் சுவர்ப் படமும் ஒரே பயணத்தில். அதிலும் தெளியவில்லை என்றால் டி.எஸ்.ஏ. கடைசிப் படி மூளையிலிருந்து சிறு துண்டு எடுத்துப் பார்ப்பது. அழற்சி திட்டுத்திட்டாக இருப்பதால் அதுகூடத் தவறிப்போகலாம். எந்த இடத்தில் எடுத்தால் கிடைக்கும் என்று காட்டவும் சுவர்ப் படம் உதவும்.

இடிபோன்ற தலைவலி திரும்பத் திரும்ப, குறிப்பாகப் பிரசவத்துக்குப் பின் அல்லது மூக்கடைப்பு மாத்திரை சாப்பிட்டபின்: முதலில் சி.டி.யும் சி.டி. ஆஞ்சியோவும், கசிவு இல்லை என்று உறுதி செய்ய. முதல் வாரத்தில் குழாய்கள் சரியாகவே தெரியலாம். தலைவலி தொடர்ந்தால் மீண்டும் எடுக்க வேண்டும். மணிமாலை தெரிந்து, ஸ்டீராய்டு கொடுப்பதா என்று மருத்துவர் தயங்கினால் அங்கே சுவர்ப் படம் தன் கட்டணத்துக்கு மேலேயே உழைக்கும்.

சர்க்கரை, புகை, கொதிப்பு எல்லாம் உள்ள அறுபது வயதுக்காரர், ஒரே இடத்தில் சுருக்கம்: சுவர்ப் படம் வேண்டாம். அந்தப் பணத்துக்கு ஓராண்டு மாத்திரை வாங்கலாம். மருந்து ஒழுங்காகச் சாப்பிட்டும் மீண்டும் பக்கவாதம் வந்தால் அப்போது யோசிக்கலாம்.

சிறிய, வெடிக்காத புடைப்பு: குறித்த இடைவெளியில் கான்ட்ராஸ்ட் இல்லாத எம்.ஆர். ஆஞ்சியோ. ஆபரேஷனா காத்திருப்பா என்று இரண்டு மருத்துவர்கள் இரண்டு விதமாகச் சொல்லும் நடுத்தர அளவுப் புடைப்புக்கு மட்டும் சுவர்ப் படத்தைச் சேர்த்துக்கொள்ளலாம்.

## இறங்கும் முன்

கிரியாட்டினின், சர்க்கரை, ரத்த அணு எண்ணிக்கை, சிபிலிஸ், எச்.ஐ.வி. பரிசோதனைகளை இங்கேயே முடித்துவிடுங்கள். உடம்பில் பேஸ்மேக்கர், குழாய்ப் புடைப்புக்கு முன்பு வைத்த அனியூரிசம் கிளிப், கண்ணில் புகுந்த இரும்புத் தூள் எதுவாக இருந்தாலும் தேதி வாங்கும்போதே சொல்லுங்கள். மேசையில் படுக்கும்போது சொன்னால் அன்றைய பயணம் வீண். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை வைத்திருப்பவர்கள், போகும் மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் இந்தக் குறிப்பிட்ட பரிசோதனையைச் சொல்லிக் கேட்க வேண்டும். ‘எம்.ஆர்.ஐ. அடங்கும்’ என்ற பொதுவான பதிலை நம்பிக் கிளம்பாதீர்கள்.

கூடலூர், பந்தலூர்க்காரர்கள் கோவைக்குத்தான் போக வேண்டும் என்று இல்லை. மைசூரோ கோழிக்கோடோ அவர்களுக்கு எளிது. மைசூர் வழி என்றால் பந்திப்பூர்ச் சாலை இரவு 9 மணி முதல் காலை 6 மணிவரை மூடியிருக்கும், ஆகவே முற்பகலுக்குப் பிந்திய நேரமாகக் கேட்டு வாங்குங்கள். கொடைக்கானல் பக்கம் இருப்பவர்களுக்கு மதுரை.

திரும்பும்போது ரிப்போர்ட் தாளோடு படங்கள் அனைத்தையும் டிஸ்க்கிலோ பென் டிரைவிலோ கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஃபிலிமில் அச்சிட்ட சுவர்ப் படத்தை வைத்து இரண்டாவது கருத்துச் சொல்ல யாராலும் முடியாது. அரை மில்லிமீட்டர்ச் சுவரை எந்தக் கோணத்தில் வேண்டுமானாலும் வெட்டிப் பார்க்கக் கணினியில் மூலப் படம் வேண்டும். அது கையில் இருந்தால், அடுத்த கருத்துக்குப் படம் மட்டும் கீழே போகும், நோயாளி வீட்டில் இருக்கலாம்.